காற்றை இறக்கு

புது வண்டியைக் கண்டால் என் கணவன் ஓர்முருக்குக் கை சும்மா இருக்காது. கல்யாணமான புதிதில் என் அப்பா ஆசையாக வாங்கித் தந்த ஜீப்பின் சக்கரங்களுக்கு மேலிருந்த தகட்டு வளைவுகளை அறுத்துத் தள்ளிவிட்டு, என் இடுப்பு உயரத்துக்கு டயர் மாட்டினான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"அழாத ஹல்லா. இனிமே இது பனிமேல மிதக்கும் பாரு" என்றான்.

அதுதான் அவன் பிழைப்பு. ஐஸ்லாந்தின் வடக்கு மூலையில், எங்கள் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் பட்டறையில் அவன் கைபட்ட வண்டிகள் தென்துருவம் வரை போய்வந்திருக்கின்றன. அவன் போனதில்லை. "அங்க உன் காபி கிடைக்காதே" என்பான். ஊரார் வண்டிக்கெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்தே டயர் காற்றை இறக்கும் குழாய் பொருத்துவான். எங்கள் வண்டிக்கு மட்டும் இறங்கிப் போய்க் கையால்தான் இறக்க வேண்டும். கேட்டால், "அடுத்த வாரம்" என்பான். எத்தனையோ வருடமாக அதே அடுத்த வாரம்தான்.

புதைபனியில் டயர் சப்பையாக இருந்தால்தான் வண்டி மேலேறும். விறைப்பாக இருந்தால் குழி தோண்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். நான் கத்த ஆரம்பித்தால் அவன் உதட்டைக் குவித்து "ஸ்ஸ்ஸ்" என்பான். காற்றை இறக்கு என்று அர்த்தம். கோபம் இன்னும் ஏறும், அப்புறம் சிரிப்பு வந்துவிடும்.

போன மார்ச்சில் ஒரு காலை, உலர்மீனில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவன் கத்தியைக் கீழே போட்டான்.

"நெஞ்சுல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு."

முகம் சாம்பல் பூத்துவிட்டது. அவசர உதவிக்குப் போன் செய்தால், பனிப்புயலில் ஹெலிகாப்டர் பறக்காது, ஆம்புலன்ஸ் மலைக் கணவாய்க்கு அந்தப் பக்கம் வரைதான் வரும் என்றார்கள். அவனைக் கைத்தாங்கலாக ஏற்றி நானே ஓட்டினேன். என் உயிர் என் கையில் இல்லை.

உச்சிக்குச் சற்று முன்னால் வண்டி புதைந்துவிட்டது. முடுக்க முடுக்க இன்னும் கீழே போனது. வாய்க்கு வந்தபடி திட்டினேன், பனியை, வண்டியை, அவனை.

"ஊருக்கெல்லாம் கட்டிக் குடுத்தியே, நமக்குன்னு ஒண்ணு ஒழுங்கா வச்சியா?"

அவன் கண்ணைத் திறக்காமல் "ஸ்ஸ்ஸ்" என்றான்.

"இந்த நிலைமைலயும் உனக்குக் கிண்டலா?"

மறுபடியும் "ஸ்ஸ்ஸ்". இந்த முறை ஒரு விரல் கதவுக்குக் கீழே காட்டியது. அடப்பாவி, டயரைச் சொல்கிறான்.

குதித்து இறங்கினேன். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, நான்கு டயரும் வயிறு தள்ளிச் சப்பையாகும் வரை காற்றை இறக்கினேன். விரல்கள் மரத்துப் போயின. ஏறி உட்கார்ந்து முதல் கியரில் மெல்ல விட்டேன். வண்டி முனகியது, அசைந்தது, பனிமேல் ஏறிக்கொண்டது.

"ஏறிடுச்சு ஓர்முர், ஏறிடுச்சு" என்றேன். அவன் தலை ஒருபக்கமாகச் சரிந்திருந்தது. அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் விளக்கு தெரியும் வரை நான் அவன் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சு அடைப்பை எடுத்துவிட்டார்கள். கண் விழித்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். மறுநாளும் அவன் விழிக்கவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். காதோரம் குனிந்து "ஸ்ஸ்ஸ்" என்றேன்.

அவன் உதடு லேசாகக் குவிந்தது. வெகுநேரம் கழித்து, "அந்தக் குழாய்... அடுத்த வாரம் மாட்டிடறேன்" என்றான்.

"மெதுவா மாட்டு" என்றேன். அடுத்த வாரம் என்று அவன் சொல்லி நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.