அன்று நான் அழுத்தினேன்

முதலில் வந்தது வலி அல்ல. கழுத்து மேடையில் மோதியதும் இரண்டு கைகளிலும் கரண்ட் அடித்ததுபோல் ஒரு வெட்டு. அடுத்த நொடி இடது கை மரத்துப்போனது.

நான் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் வேலை செய்பவன். லீவு நாட்களில் காட்சி மல்யுத்தக்காரன். யார் ஜெயிப்பது என்பதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வோம். விழுவது மட்டும் நிஜம். அதற்காக எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கட்டிப் புரளும்போது எதிராளி உள்ளங்கையை அழுத்தினால், ‘நல்லா இருக்கியா?’ என்று கேட்பதாக அர்த்தம். திருப்பி அழுத்தினால் ஆட்டம் தொடரும். அழுத்தாவிட்டால் அங்கேயே முடித்துவிட வேண்டும். பார்ப்பவர்களுக்கு எதுவும் தெரியாது.

அன்று மீஞ்சூரில் என் எதிராளி தாஸ். ஆலையில் பக்கத்து மெஷின்காரன், பத்து வருடச் சிநேகிதன். அவன் தூக்கியபோது நான் ஒரு நொடி தாமதமாக எம்பினேன், தலைகுப்புற விழுந்தேன். தாஸ் என் வலது உள்ளங்கையை அழுத்தினான்.

நான் திருப்பி அழுத்தினேன்.

மைதானம் நிரம்பியிருந்தது. ஆலை ஆட்கள் விசில் அடித்துக்கொண்டிருந்தார்கள். பாதியில் படுத்துக்கொள்ள ரோஷம் விடவில்லை. தாஸ் என்னை நம்பி மறுபடி தூக்கினான். அந்த இரண்டாவது விழுதலுக்குப் பிறகு நான் எழவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்ட்ரெச்சரோடு வந்த என் மனைவி ஸ்டெல்லா ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னாள். “நடிக்கிறேன்னு நெனச்சி நான் கை தட்டிக்கினு இருந்தனே!”

கழுத்து டிஸ்க் (எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை) பிதுங்கித் தண்டுவடத்தை (மூளையிலிருந்து உடம்புக்கு நரம்புகளைக் கொண்டுபோகும் பாதை) நசுக்கியிருந்தது. அறுவைச் சிகிச்சை செய்து தகடு வைத்தார்கள். “ஒரு தடவை விழுந்ததோட நிறுத்தியிருந்தா இவ்வளவு ஆகியிருக்காது,” என்றார் டாக்டரம்மா. தாஸ் கட்டிலருகில் நின்றிருந்தான். “என் தப்பு மேடம். நான் சரியா கவனிக்கல,” என்றான்.

நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமான மௌனம் இல்லை.

தாஸ் அதோடு மேடை ஏறுவதை விட்டுவிட்டான். சிநேகிதன் கழுத்தை உடைத்தவன் என்று ஆலையில் பேச்சானது. அவனோ ஞாயிறுதோறும் பொன்னேரியிலிருந்து ரயிலேறி வந்து, பிசியோதெரபி (தசைகளைப் பழக்கும் பயிற்சி) பந்தை என் கையில் வைத்து அமுக்கச் சொல்வான். சட்டைப் பொத்தான் போட்டுவிடுவான். ஒவ்வொரு பொத்தானுக்கும் சொல்லிவிட நினைப்பேன். சொல்ல மாட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரே ஒரு ஆட்டம் ஆட வேண்டும் என்றேன். டாக்டரம்மா கூடவே கூடாது என்றார். ஸ்டெல்லா இரண்டு நாள் சண்டை போட்டாள். மூன்றாம் நாள் தாஸைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டு பிடி, அவ்ளோதான். நீ அவரைத் தூக்கினேன்னா நான் மேடைக்கே வந்துடுவேன், ஆமா!” தாஸை மறுபடி மேடையேற்றத்தான் இந்த ஆட்டம் என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை. டாக்டர் பேச்சை மீறியது தவறு. நீங்கள் அதைச் செய்யாதீர்கள்.

பொன்னேரியில் ஆட்டம். முதல் பிடியிலேயே இடது கையில் அந்தப் பழைய வெட்டு. தாஸ் என் உள்ளங்கையை அழுத்தினான்.

இந்த முறை நான் அழுத்தவில்லை.

அவன் தானாகவே மல்லாந்து விழுந்து, என்னை மெதுவாகத் தன்மேல் சாய்த்துக்கொண்டான். மூன்று எண்ணும்வரை அவன் எழாவிட்டால் எனக்கு வெற்றி. நடுவர் எண்ணத் தொடங்கினார். ஒன்று.

“தாசு, அன்னிக்கி நான் அழுத்தினேன்டா. கை செத்துப்போச்சினு தெரிஞ்சேதான் அழுத்தினேன்.”

இரண்டு.

“தெரியும்டா. நீ அழுத்தினது எனக்குத் தெரியாதா இன்னா?”

மூன்று. ஜெயித்துவிட்டேன். அவன் நெஞ்சின்மேல் கிடந்து நான் அழுததைச் சந்தோஷம் என்று நினைத்துக் கூட்டம் கை தட்டியது. ஸ்டெல்லா மட்டும் கை தட்டாமல் மேடையை நோக்கி ஓடி வந்தாள்.

அதற்குப் பிறகு நான் மேடை ஏறவில்லை. இடது கையில் இரண்டு விரல்களுக்கு உணர்வு இன்னும் திரும்பவில்லை. எப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்டால், இப்போதெல்லாம் உடனே பதில் சொல்வதில்லை. கழுத்து, தோள், விரல்கள் என்று ஒவ்வொன்றாக விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன். நேரமாகிறது, ஆகட்டும்.

தாஸ் இப்போதும் ஞாயிறுதோறும் வருகிறான். வாசலில் நின்றபடியே என் உள்ளங்கையை ஒருமுறை அழுத்துவான். சில நாள் திருப்பி அழுத்துகிறேன். அழுத்தாத நாட்களில், எதுவும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறான்.