துப்பிப் பழகிய நாக்கு

முப்பது வருடம் குன்னூரில் தேயிலையை ருசி பார்த்தவன் நான். ஒரு நாளைக்கு நூறு கோப்பை உறிஞ்சுவேன், நூறையும் துப்புவேன். விழுங்கினால் பிழைப்பு நடக்காது. நான் முகம் சுளித்தால் அந்தத் தூளை ஏலத்தில் சீந்த ஆள் இருக்காது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்கவில்லை. பழைய சிநேகிதர் ஒருவர், இனி சத்து மாத்திரைக்கும் மூட்டுவலிப் பொடிக்கும்தான் காலம், கண்வலிக்கிழங்கில் ஏதாவது செய்து காட்டு என்று கிளப்பிவிட்டார். செங்காந்தள் பூவின் கிழங்குதான் அது. கொடிய விஷம். ஆனால் முறையாக விஷத்தை முறித்துச் சுத்தி செய்தால் மூட்டுக்கு மருந்தாகும் என்பார்கள். என் மனைவி, அரவேணுவில் உள்ள எங்கள் வீட்டின் நான்கு படி இறங்கவே சுவரைப் பிடிப்பாள். எஸ்டேட் மழையில் நின்று கொழுந்து கிள்ளிய கால்கள். அவளை நடக்க வைத்துவிடலாம் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

கிழங்கை உப்பு மோரில் ஊற வைத்து, தினமும் மோரை மாற்றி, வெயிலில் காய வைக்க வேண்டும். ஆடி மாத மூடுபனியில் வெயிலுக்கு எங்கே போவது? தெரிந்த தேயிலை ஃபேக்டரியின் டிரையரில் போட்டு எடுத்தேன். இங்கே எதையும் அப்படித்தான் காய வைப்போம். அன்றாடம் ஒரு துளி நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினேன். கசப்பு குறைந்துகொண்டே வந்தது. பொடியாக்கியபோது அறவே இல்லை. மாதிரியைக் கோயம்புத்தூர் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, விஷம் போய்விட்டது என்று வீட்டில் பெருமையடித்தேன்.

"ஏனுங்க, எனக்கு ஒரு வாய் குடுங்களே. உங்க நாக்குக்கு மேல என்ன ரிப்போர்ட்டு?" என்றாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தேனில் குழைத்து நானே ஊட்டினேன். கசப்பே இல்லை என்று சிரித்தாள். பாவி, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வாழ்நாளெல்லாம் துப்பியவனுக்கு, தொண்டைக்குக் கீழே எது என்ன செய்யும் என்று என்ன தெரியும்?

மறுநாள் காலை வாந்தியும் பேதியுமாகச் சுருண்டுவிட்டாள். மலையிறங்கிக் கோவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். என்ன சாப்பிட்டார், யார் கொடுத்தது என்று டாக்டர் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"நானாத்தானுங்க எடுத்துத் தின்னேன். அவரு வேண்டாம்னுதான் சொன்னாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

மூன்றாம் நாள் போய்விட்டாள். ரிப்போர்ட் அடுத்த வாரம் வந்தது. விஷம் பெரும்பாலும் அப்படியே இருந்ததாம். பிரித்துப் படித்துவிட்டு, மடித்து அலமாரியில் வைத்தேன்.

அம்மாவுக்கு ஏன்தான் அந்த அவசரமோ, அப்பா அத்தனை சொல்லியும் கேட்காமல் எடுத்துத் தின்றாளே என்று என் மகள் இன்றைக்கும் செத்தவளைத்தான் திட்டுகிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.