பாலம் கடந்த முள்ளம்பன்றி

இரண்டாயிரமாம் ஆண்டுகளின் நடுப்பகுதி, இலங்கையில் போர் நடந்துகொண்டிருந்த காலம். பண்டாரவளைக்கும் பதுளைக்கும் இடையே, எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ரயில் பாதையில், ஒரு போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை நாளில் இது நடந்தது.

நான் தோட்டப் பாடசாலை ஆசிரியை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள். பஸ் பத்து நிமிடம் பிந்தினால் விபத்து என்று நினைப்பேன். "ஒனக்குப் பயப்படுறதுக்குத் தனியா ஒரு சம்பளம் போட்டா நாம எப்பவோ பணக்காரங்க" என்பார் என் கணவர்.

எங்களுக்கு ஒரே மகன். உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தவன், பாதியில் விட்டுவிட்டுக் கொழும்புக்குப் படம் வரையப் போனான். அடியில் விளக்கு எரியும் ஒரு கண்ணாடி மேசையில் தாளை வைத்து, அதன் மேல் இன்னொரு தாளை வைத்து, கையை ஒரு மயிரிழை நகர்த்தி, காலை ஒரு மயிரிழை நகர்த்தி, நாள் முழுக்க வரைவான். அவனும் இன்னும் சில பிள்ளைகளும் அப்படி ஒரு வாரம் வரைந்தால் தொலைக்காட்சியில் சில நிமிடம் ஓடுமாம். இதெல்லாம் ஒரு தொழிலா என்று நான் அழாத நாளில்லை.

ஆனால் அந்தக் கார்ட்டூன் தொடர், சிங்களத்திலும் தமிழிலும் ஞாயிறு காலையில் வரத் தொடங்கியதும் எங்கள் பக்கமே மாறிப்போனது. கதை ஒரு குட்டி முள்ளம்பன்றியைப் பற்றியது. பயம் வந்தால் அது தோள் இரண்டையும் காது வரை தூக்கும். வலது காலால் தரையைத் தட்டும். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்க்கும். பிறகு உடம்பை ஓர் உலுக்கு உலுக்கும். ஒரு முள் கழன்று விழும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், டிவி இருந்த வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடமிருக்காது. கோவில் அறநெறி வகுப்பையே அரை மணி நேரம் தள்ளிப் போட்டார்கள். தண்ணீர்ப் பீலியடியில், பள்ளிக்கூட வரிசையில், எங்கே பார்த்தாலும் தோளைத் தூக்கிக் காலைத் தட்டி உலுக்கும் பிள்ளைகள்தான்.

அந்த விடுமுறைக்கு வந்த மகன், "அம்மா, அடுத்த கதையில முள்ளம்பன்றி ரயில் பாலத்தைத் தாண்டணும். நீங்க வந்து கொஞ்சம் நடந்து காட்டுங்க, நான் வரைஞ்சுக்கிறேன்" என்றான்.

"பாலத்துக்கிட்டயா? காவலுக்கு நிக்கிறவங்க புடிச்சிக்கிட்டுப் போயிருவாங்கடா!"

"போட்டோ எடுத்தாத்தானே தப்பு? அதுக்குத்தான் கெமராவக் கொழும்பிலயே வச்சிட்டு வந்தேன். பென்சிலுக்கு யாரும்மா சட்டம் போட்டிருக்காங்க?"

எனக்கும் அது சரியென்றே பட்டது. பாலத்தை எல்லாப் பக்கமிருந்தும் வரைந்தான். பிறகு என்னைச் தண்டவாளச் சிலிப்பர் கட்டைகளின் மேல் குடையோடு நடக்கவிட்டு, நிற்கவைத்து, திரும்பவைத்து, மறுபடி நடக்கவிட்டு, கிறுக்குக் கோடுகளாகத் தாள் தாளாய் இழுத்தான். ஒவ்வொரு தாளின் மூலையிலும் எண், ஓரத்தில் அம்புக்குறி. கீழே கட்டைகளுக்கு நடுவே பள்ளத்தாக்கு தெரிந்தது. எனக்குத் தலை சுற்றியது.

ஊர்காவல் படையினர் இருவர் துப்பாக்கியோடு வந்து நின்றபோதுதான், அந்தத் தாள்கள் வேறொருவர் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பது எனக்கு உறைத்தது. பல கோணங்களில் ஒரு ரயில் பாலம். அதன் மேல் ஓர் ஆள். எண்கள். அம்புக்குறிகள். வரைந்தவன் கொழும்பிலிருந்து வந்த தமிழ்ப் பையன்.

காவலரணுக்கு அழைத்துப் போனார்கள். பொறுப்பதிகாரி சிங்களத்தில் கேட்டார். தமிழ் பேசும் முஸ்லிம் கான்ஸ்டபிள் ஒருவர் எனக்கு எடுத்துச் சொன்னார். மகன் கார்ட்டூனின் பெயரைச் சொல்லி, அந்த முள்ளம்பன்றியை அங்கேயே வரைந்து காட்டினான். அதிகாரி முகத்தில் மாற்றமில்லை.

"டீச்சர், இந்தப் படம் சேர்ட மகள்ட ஸ்கூல் பேக்கிலயும் ஈக்குதாம். பாத்து யாரும் கீறலாம்னு செல்றாரு" என்றார் கான்ஸ்டபிள், தன் ஊர்ப் பேச்சில்.

மகன் வேலை செய்யும் இடத்துக்குத் தொலைபேசி எடுத்தார்கள். போயா நாள், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. விசாரணைக்குப் பதுளைக்கு அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். எங்கள் தோட்டத்துப் பையன் ஒருவன் அப்படி 'விசாரணைக்கு' என்று போய், வீடு திரும்ப ஏழு மாதம் ஆனது. திரும்பி வந்தவன் யாரோடும் பேசுவதில்லை. எனக்கு அவன் முகம்தான் கண்ணில் நின்றது.

ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. அப்போது மகன், "சேர், ஒரே ஒரு தடவை" என்று அனுமதி கேட்டு, தாள்களை எண் பார்த்து அடுக்கினான். ஒரு பக்கத்தை இறுக்கிப் பிடித்து, மறு ஓரத்தைப் பெருவிரலால் சரசரவென்று விட்டான்.

தாளில் ஒரு பெண் குடையோடு பாலத்தில் நடந்தாள். நின்றாள். தோளைக் காது வரை தூக்கினாள். வலது காலைத் தட்டினாள். இரண்டு பக்கமும் பார்த்தாள். உடம்பை ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு, மறுபடி நடந்தாள்.

அதிகாரி இன்னொரு முறை விடச் சொன்னார். பார்த்துவிட்டு, மெதுவாக என் பக்கம் திரும்பினார். கான்ஸ்டபிளும் திரும்பினார்.

"அல்லாஹ்! டீச்சர், அது நீங்கதானே!"

அப்போதுதான் என்னை நானே கவனித்தேன். என் தோள்கள் காதைத் தொட்டுக்கொண்டிருந்தன. வலது கால் சிமெந்துத் தரையில் டக் டக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. எத்தனையோ ஞாயிறு அந்தக் கார்ட்டூனைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஒரு நாளும் எனக்குத் தெரியவில்லை.

காவலரணே சிரித்தது. அதிகாரி மட்டும் சிரிக்காமல் ஏதோ சொன்னார். தன் சின்ன மகள் இருட்டில் தனியாகக் குளியலறைக்குப் போக மாட்டாளாம். இப்போதெல்லாம் கதவடியில் நின்று இப்படி ஓர் உலுக்கு உலுக்கிவிட்டுப் போய்விடுகிறாளாம். கான்ஸ்டபிள் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாலம் வரைந்த தாள்களை அவர் வைத்துக்கொண்டார். என்னை வரைந்த தாள்களைத் திருப்பித் தந்தார். இனி அந்தப் பக்கமே போகக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி, ஜீப்பை ஆளில்லாமல் திருப்பி அனுப்பினார்.

தேயிலைக்கு நடுவே ஏறி வரும்போது எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. "ஏண்டா, பெத்தவளப் பயந்தாங்கொள்ளின்னு நாடு பூரா காட்டிட்டியேடா!"

அவன் சிரித்தான். "பயப்படுறத வரைய நான் ஏன் இன்னொருத்தரத் தேடிப் போகணும்? வீட்டிலயே நீங்க இருந்தீங்க." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, என்னைப் பார்க்காமலே சொன்னான்: "நீங்க பயப்படுவீங்கதான். ஆனா ஒலுக்கினதுக்கு அப்புறம் ஒரு நாளும் நின்னதில்லம்மா. சின்ன வயசில நான் காய்ச்சல்ல கெடந்தப்ப, என்னைத் தூக்கிக்கிட்டு அந்த இருட்டில ஆஸ்பத்திரிக்கு நடந்தீங்களே, அன்னைக்கும் இப்படித்தான் வாசல்ல நின்னு ஒலுக்கிட்டு எறங்கினீங்க."

எனக்கு அந்த இரவும் காய்ச்சலும் நினைவிருந்தன. வாசலில் நின்றது நினைவில் இல்லை.

சில வாரங்கள் கழித்து அந்தக் கதை ஒளிபரப்பானது. பாலத்தைப் பார்த்து வரைய வழியில்லாமல் மகன் எல்லாவற்றையும் மூடுபனியால் மறைத்திருந்தான். வெள்ளைக்குள்ளே ஒரு குட்டி முள்ளம்பன்றி மட்டும் குடையோடு நின்று, காலைத் தட்டி, உலுக்கி, அடி வைத்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த லயத்துப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இன்றைக்கும் அவனிடமிருந்து அழைப்பு வர வேண்டிய நேரம் தாண்டினால் என் தோள் தானாகவே காதுக்கு ஏறிவிடுகிறது. ஆனால் கரும்பலகைக்கு வரப் பயப்படும் பிள்ளை என் வகுப்பில் உட்கார்ந்த இடத்திலேயே ஓர் உலுக்கு உலுக்கிவிட்டு எழுந்து வரும்போது, என் பயத்துக்குப் பிறகு நான் எடுத்து வைக்கும் அந்த அடியை எனக்கு முன்பே என் மகன் பார்த்து வைத்திருந்தான் என்று நினைத்துக்கொள்வேன். உடனே எனக்கும் கால் நகர்ந்துவிடும்.