கேசட்டுக்கு முன்னால் வந்த மெட்டு

சுடுகாட்டு மதில் மேல் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிவிட்டு, அதன் அடியிலேயே துண்டை விரித்துத் தூங்கி எழுந்தவன் நான். காத்து, கருப்பு என்று எவனாவது ஆரம்பித்தால், "வேலவெட்டி இல்லாதவன் கண்ணுக்குத்தான்டா அதெல்லாம் தெரியும்" என்று விரட்டிவிடுவேன். இப்போதும் அப்படித்தான். இந்த ஒரு விஷயம் மட்டும் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் நேராக மாட்டேன் என்கிறது. சிரிக்க வேண்டுமானால் சிரித்துக்கொள்ளுங்கள், நடந்ததைத்தான் சொல்கிறேன்.

குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவன், ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. மைக்செட்காரரிடம் ஒயர் சுருட்டும் வேலைக்குச் சேர்ந்து, வடமதுரை, திண்டுக்கல் என்று கல்யாணம் கல்யாணமாக அலைந்து, தொண்ணூறுகள் பிறக்கும்போது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சொந்தமாக ரெக்கார்டிங் சென்டர் வைத்துவிட்டேன். எவன் சிபாரிசும் இல்லை. பட்டம் வாங்கியவன் என்னிடம் சம்பளம் வாங்கினான். அதைவிடப் பெரிசு, டீச்சர் டிரெயினிங் முடித்த ஸ்டெல்லாவை அவள் அப்பாவே தேடி வந்து எனக்குக் கட்டிக்கொடுத்தார். ஊரே வயிறெரிந்தது. எனக்கும் உள்ளுக்குள் ஒரு முள் இருந்தது, இவ்வளவு படித்தவள் என்னிடம் எதைக் கண்டாள் என்று. வெளியே காட்டிக்கொண்டதில்லை.

ஆரோக்கியம் என்று ஒருவன், கப்பலில் வேலை. மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்களுக்கு முன் பெஞ்சுக் குடும்பம். லீவில் வரும்போதெல்லாம் வெளிநாட்டுக் கேசட் கொண்டுவந்து காப்பி போடச் சொல்லுவான். ஒருமுறை வித்தியாசமான ஒன்றை நீட்டினான்.

"அண்ணே, இதுல பாட்டே கெடையாது. வெறும் வாத்தியந்தான். அம்புட்டையும் ஒரே ஆளு வாசிச்சிருக்கான்."

"பாடத் தெரியாதவன் கேசட்ட எதுக்குடா காசு குடுத்து வாங்குன?"

போட்டுப் பார்த்தேன். சின்னதாக ஒரு மெட்டு, செக்கு சுற்றுவது போலத் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. அதன் மேல் கிதார் ஏறுகிறது, பியானோ ஏறுகிறது. முதல் பக்கம் முடியும் இடத்தில் ஒருத்தன் வாத்தியங்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான், கடைசியில் பெரிய மணி அடிக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் வெளிநாட்டுச் சரக்காயிற்றே என்று வீட்டுக்கும் ஒன்று காப்பி எடுத்துக்கொண்டு போனேன்.

எங்கள் மூத்தவள் அப்போது கைக்குழந்தை. ஸ்டெல்லா காலை நீட்டி அவளைப் படுக்கவைத்துக் குளிப்பாட்டும்போது வாய்க்குள்ளேயே ஒரு மெட்டைப் பாடினாள். வார்த்தை கிடையாது. அந்தக் கேசட்டின் ஜாடை அதில் இருந்தது, ஆனால் அது அந்தக் கேசட்டில் இல்லை. என் டெக்கில் ஒரு தடவை ஓடிய சரக்கு எனக்கு மறக்காது. சந்தேகத்துக்கு இரண்டு பக்கமும் முழுசாகக் கேட்டேன். இல்லவே இல்லை.

"இத எங்கிட்டுப் புடிச்ச?" என்றேன்.

"எங்கிட்டும் இல்லங்க. அப்புடியே வருது." சொல்லிவிட்டு, சோப்பு நுரைக்கு மேல் என் முகத்தையே பார்த்தாள்.

அந்தப் பார்வை என்னைத் தின்றது. கேசட்டில் இல்லாததை எவனோ வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். எவன்? ஆரோக்கியம் கிதார் வைத்திருந்தான். பூசை முடிந்து வாசலில் நிற்கும்போது அவளிடம் இங்கிலீஷில் ஏதோ சொல்லுவான், அவள் சிரிப்பாள்.

"என்ன சொன்னான்?"

"கப்பல்ல சோறு நல்லால்லயாம்."

"இதுக்கா இம்புட்டுச் சிரிப்பு?"

அடுத்த வாரத்திலிருந்து பெஞ்சை மாற்றி, தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தேன். ஆயக்குடிக் கொய்யா ஒரு பை கொண்டுவந்து வீட்டு வாசலில் நின்றவனைக் கடைக்கு வந்து பார் என்று திருப்பி அனுப்பினேன். என் மகள் நடக்கப் பழகினாள், ஓடப் பழகினாள். ஸ்டெல்லா அந்த மெட்டை விடவில்லை. பாடும்போதெல்லாம் என் முகத்தைப் பார்ப்பதையும் விடவில்லை.

அப்போதுதான் ஆரோக்கியம் கடைக்கு வந்தான்.

"அண்ணே, அந்த வாத்தியக் கேசட்டுக்கு ரெண்டாம் பாகம் வந்துருச்சு!"

பட்டப்பகல், கடை நிறையக் கூட்டம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு போட்டேன். பழைய மெட்டையே சட்டை மாற்றிவிட்டது போல ஆரம்பித்தது. கொஞ்சம் தள்ளி, நம்பினால் நம்புங்கள், ஸ்டெல்லாவின் மெட்டு வந்தது. அதே ஏற்றம், அதே இறக்கம். மூச்சு வாங்க அவள் நிறுத்தும் இடத்தில் அதுவும் நின்றது.

ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு அவன் சட்டையைப் பிடித்தேன். "இத எப்ப வாங்குன? உண்மையச் சொல்லு."

"போன மாசந்தாண்ணே. கப்பல் வெளிநாட்டுத் தொறமுகத்துல நின்னப்போ வாங்குனேன். இப்பத்தான் வெளிவந்துச்சு. அட்டையில வருசம் போட்டிருக்கு பாருங்க."

பார்த்தேன். இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் எண் தெரியும். என் மகள் குளிப்பாட்டும் குழந்தையாக இருந்தபோது, உலகத்தில் எவனிடமும் இந்தக் கேசட் இருந்திருக்க வழியே இல்லை. சட்டையை விட்டேன். சந்தேகப்பட ஆள் இல்லாமல் போனால் நிம்மதி வரும் என்றுதானே நினைப்பீர்கள்? எனக்கு வரவில்லை. எவன் என்றே தெரியாதவனை எந்தப் பெஞ்சை மாற்றி மறைப்பது? இந்த முறை வீட்டுக்குக் காப்பி எடுத்துப் போகவில்லை.

சில வருஷம் ஓடியது. கேசட் போய் சிடி வந்தது. நான் கடையையும் சிடிக்கு மாற்றிவிட்டேன், காலத்துக்கு முந்திப் போகிறவன் நான். ஆரோக்கியம் மூன்றாம் பாகம் என்று ஒரு சிடி கொண்டுவந்தான். முழுசாகக் கேட்டேன், ஸ்டெல்லா பாடும் எதுவும் அதில் இல்லை. அந்த சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் சத்தமாகப் போட்டுவிட்டேன்.

கறிக்குழம்பு அகப்பையோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். முகம் கறுத்துவிட்டது.

"அப்ப இதான் அதா? எவ குடுத்தா இத உங்களுக்கு?"

"எவளா? ஆரோக்கியம் குடுத்தான் புள்ள. நேத்து."

"பொய் சொல்லாதீங்க. ஆறு மாசமா இதத்தான தூக்கத்துல மொணமொணக்கிறீங்க."

அவள் கொட்டித் தீர்த்தாள். கல்யாணமான புதிதிலிருந்தே நான் தூக்கத்தில் மெட்டுப் பாடுகிறேனாம். முதல் கேசட் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே பாடினேனாம். குழந்தையைக் குளிப்பாட்டும்போது அவள் பாடியது என்னிடம் கேட்டதுதானாம்.

"எந்தச் சிறுக்கி சொல்லிக் குடுத்த பாட்டோன்னு இருந்துச்சு. பாடிக் காட்டுனா மூஞ்சி மாறுதான்னு பாத்தேன். மாறுச்சே! அப்பவே முடிவு பண்ணிட்டேன், எவளோ இருக்கான்னு."

"அடியே, நான் உனக்கு எவனோ இருக்கான்னுல்ல நெனச்சேன்!"

அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். அகப்பையிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. இத்தனை வருஷம் ஒரே பாயில் படுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் வெந்திருக்கிறோம். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றது. கோயிலில் நான் வாயைத் திறந்தால் பாடகர் குழுவே திரும்பிப் பார்த்து முறைக்கும், அப்படிப்பட்ட குரல் எனக்கு. வெளிவராத சரக்கை நான் எங்கே கேட்டேன்?

ஆனாலும் எங்களுக்குள் அதற்குப் பிறகு சச்சரவு இல்லை. பெஞ்சையும் பழைய இடத்துக்கே மாற்றிவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் காலையில் ஸ்டெல்லா கீரை ஆய்ந்துகொண்டே ஒரு புது மெட்டைப் பாடினாள். மெல்லிசு, அவசரமில்லாதது. இதுவரை வந்த எந்தப் பாகத்திலும் இல்லாதது.

"இப்ப இதையா தூக்கத்துல பாடுறேன்?" என்று கேட்டேன், கொஞ்சம் பெருமையாகவே.

"இது நீங்க பாடுறது இல்லங்க. இப்பல்லாம் நடுவுல நடுவுல நிறுத்திட்டுக் காத்திருக்கீங்கள்ல, அந்த எடத்துல பதிலுக்கு வர்றது."

காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு அடுத்த கட்டை எடுத்தாள்.

"உங்கள விட நல்ல கொரலு."