தூக்க முடியாத கை

பெங்களூரில் யாருக்கு எந்த நோவு வந்தாலும் பழியை ஊர்க் குளிரின் தலையில்தான் போடுவார்கள். என் வலது மணிக்கட்டில், கட்டைவிரலுக்கு நேர் கீழே வலி வந்தபோதும் அப்படித்தான். பிரேசர் டவுனில் நாங்கள் குடியிருந்த தெருவில் ஒருத்தி பாக்கியில்லாமல் வந்து பார்த்து, "பச்சை ஒடம்புல பனிக்காத்து பட்டுடுச்சு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள். என் மகள் பிறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காதில் பஞ்சும் தலையில் கம்பளித் துண்டுமாகப் பாதிச் செவிடாக உட்கார்ந்திருந்த எனக்குள் அந்தக் காற்று எந்த வழியாகப் புகுந்தது என்று யாரும் சொல்லவில்லை.

குழந்தையின் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினால் சுரீர் என்று முழங்கை வரை ஏறும். ஒருநாள் தொட்டிலிலிருந்து எடுக்கும்போது பிடி நழுவிவிட்டது. நல்லவேளை, திரும்பத் தொட்டிலுக்குள்ளேயே விழுந்தாள். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். பெற்ற பிள்ளையைத் தூக்க முடியாத கை இருந்தென்ன, போயென்ன என்று ஆத்திரமாக வந்தது.

"எதுக்கு அழுவுற? சுளுக்குதான். நான் எடுத்து வுடுறேன்" என்றார் அண்ணி. அவர் என் கணவரின் அக்கா. தனக்கென்று ஒரு பிள்ளை பிறக்குமுன்பே கணவரை இழந்து, தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். தாய் வயிற்றிலிருந்து வரும்போது தலைக்குப் பதிலாகக் கால் முதலில் வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவர்கள் காலால் நீவினால் எந்தச் சுளுக்கும் இறங்கிவிடும் என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கழுத்துப் பிடித்தவர்களும் இடுப்புப் பிடித்தவர்களும் எங்கள் வாசலில் நிற்பார்கள். மூடநம்பிக்கையைக் கிழிகிழியென்று கிழித்துப் பிரசங்கம் செய்த போதகரே, அடுத்த வாரம் கழுத்தைச் சாய்த்தபடி வந்து நின்றார்.

தினமும் காலையில் அண்ணி நல்லெண்ணெயைக் காய்ச்சி, என் கையைப் பாயில் நீட்டி வைத்து, பாதத்தால் கட்டைவிரலின் அடியிலிருந்து முழங்கை நோக்கி அழுத்தி நீவுவார். நான் முந்தானையைக் கடித்துக்கொள்வேன். வீக்கம் குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது. "உள்ள இருக்கிறது வெளிய வருது, நல்லதுதான்" என்பார். என்மேல் அவருக்கு இருந்த அன்பில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதனாலேயே வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. கடைசியில் சோறு பிசையக்கூட முடியாமல் போனபிறகுதான் என் கணவர் ஜட்கா வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். அண்ணியும் குழந்தையோடு வந்தார்.

டாக்டரம்மா கன்னடக்காரர். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கச் சொல்லி, முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கம் லேசாகச் சாய்த்தார். நான் போட்ட சத்தத்தில் குழந்தை அலறியது.

"இது எலும்பும் இல்லை, சுளுக்கும் இல்லை" என்றார். "கட்டைவிரலை இழுக்கிற நாண் இது. பாவாடைக்குள்ளே நாடா ஓடுதில்ல, அதுபோல ஒரு உறைக்குள்ளே ஓடும். குழந்தையைத் தூக்கித் தூக்கி உறை வீங்கிப்போச்சு. நாடா மாட்டிக்குது."

"குளிர் காத்து..." என்று இழுத்தார் என் கணவர்.

"காத்து மேலே ஏன் பழி? சரி, இதை இவ்வளவு தேய்ச்சது யாரு?"

நான் வாயைத் திறக்குமுன் அண்ணி சொல்லிவிட்டார். "நான்தாங்க."

"தேய்க்கத் தேய்க்க வீங்கும்மா. கை சும்மனே இருக்கணும்." டாக்டரம்மா கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றோடு அண்ணி யாருக்கும் சுளுக்கு எடுப்பதை நிறுத்திவிட்டார்.

என் கட்டைவிரல் அசையாதபடி மூங்கில் பட்டையும் பஞ்சும் வைத்து வெள்ளைத் துணியால் கட்டிவிட்டார்கள். மறுபடி சொல்லும்வரை குழந்தையைத் தூக்கக் கூடாது என்று உத்தரவு. குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, இடுப்பில் வைத்து வேடிக்கை காட்டுவது எல்லாம் அண்ணியின் வேலையாயின. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்ப்பதைத் தவிர எனக்கு வேலையே இல்லை. மகள் தவழ ஆரம்பித்ததும் நேரே அண்ணியிடம்தான் போனாள். "வாடி கண்ணு" என்று கூப்பிட்டால் என் கைக்கட்டைப் பார்ப்பாள், இது தூக்காத ஆள் என்று திரும்பிவிடுவாள். எனக்கு வயிறு எரிந்தது. அண்ணி மேல் எரிந்ததா, கை மேல் எரிந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஒருவழியாக வலி அடங்கி, கட்டை அவிழ்த்தார்கள். கட்டைவிரலை விரித்துப் பிடிக்காமல், விரல்களோடு ஒட்டவைத்து, முன்கையை அடியில் கொடுத்து அள்ள வேண்டும் என்று டாக்டரம்மா ஒரு தலையணையை வைத்துக் காட்டினார். வீட்டுக்கு வந்து அப்படியே கையை நீட்டினேன். மகள் அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மறுநாளும் அப்படித்தான். கை வந்துவிட்டது, பிள்ளைதான் வரவில்லை.

ஒருநாள் காலையில் அண்ணி தன் மணிக்கட்டில் ஒரு வெள்ளைத் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அத்தைக்குக் கை உவ்வாடா செல்லம். தூக்க முடியாது. அம்மாகிட்ட போ."

குழந்தை அவர் மடியைப் பற்றி எழப்பார்த்தது, துணியை இழுத்தது, வீறிட்டது. அண்ணி கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். அழுது ஓய்ந்து, வேறு கதியில்லாமல், மகள் என் பக்கம் தவழ்ந்து வந்தாள். டாக்டரம்மா சொல்லிக்கொடுத்தபடி அள்ளினேன். வலிக்கவில்லை. என் தோளில் சாய்ந்துகொண்டாலும் அவள் பார்வை அண்ணியிடமே இருந்தது.

குழந்தை எந்த நேரமும் சமையலறைக்குள் வந்துவிடும் என்பதால் அண்ணி அந்தத் துணியை அவிழ்க்கவே இல்லை. அதோடுதான் அரைத்தார், அதோடுதான் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கும் வந்தார். யாராவது கேட்டால், "பனிக்காத்து" என்பார். போதும் அண்ணி, கழற்றிவிடுங்கள் என்று சொல்லத் தினமும் வாயெடுப்பேன். கழற்றினால் பிள்ளை அவரிடம் போய்விடும். மகளை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொள்வேன்.