பொன்னுத்தாயின் வலக் கடைவாய்ப் பல்

கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் பாயும் அந்த ஊரில், ஈரம் அளக்கும் மெஷின் வருவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு மெஷின் இருந்தது. பொன்னுத்தாயின் வலக் கடைவாய்ப் பல்தான் அது. குவியலிலிருந்து ஒரு நெல்லை எடுத்துக் கடிப்பாள். 'டக்'கென்று உடைந்தால் காய்ச்சல் போதும், நசுங்கினால் ஈரம். முப்பது வருடம் லஞ்சம் வாங்காமல், லீவு போடாமல் உழைத்த அந்தப் பல்லுக்குக் கிடைத்த ஒரே விருது, புடைத்துப்போன அவளது வலத் தாடை.

கார்த்திகையில் பல் சொத்தையாகி ஓய்வுபெற்றது. பேராவூரணி பல் டாக்டர் சபிஹா அதைப் பிடுங்கி, புண் ஆறியதும் கழற்றி மாட்டும் பல்செட்டு ஒன்றைக் கொடுத்தார்.

"பல்லு போனது தாடைச் சதைக்குத் தெரியாதும்மா. பழைய கடியையே தேடும். புதுசுக்குப் பழகக் கொஞ்ச நாளாகும். கெட்டியா எதையும் கடிக்காதீங்க."

"நெல்லு?"

"நெல்லை எதுக்கும்மா கடிக்கிறீங்க?"

படித்தவர்களுக்குச் சிலதை விளக்க முடியாது. பொன்னுத்தாய் எழுந்து வந்துவிட்டாள்.

அன்றிலிருந்து பல்லின் நடமாட்டம் தொடங்கியது. சும்மா இருக்கையில் தாடை தானாக வலப்பக்கம் ஒதுங்கும். இல்லாத பல்லின்மேல் இறங்கி எதையோ நெரிக்கும். பட்டப்பகலில் அவளுக்கு மயிர்க்கூச்செறியும்.

"யாருகூடக்கா பேசுறீங்க?" என்றான், அவள் வாய் அசைவதைப் பார்த்த பக்கத்து வயல் மதிவாணன்.

"செத்த பல்லுகூட."

தையில் மேகம் திரண்டது. களத்தில் மதிவாணனின் நெல் கிடந்தது. "பதினேழு சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டாங்க. நீங்க சொன்னா ஏத்திடுறேன்க்கா."

கடித்தாள். டக்.

"ஏத்துப்பா."

நிலையத்து மெஷின் இருபத்தொன்று என்றது. சத்தம் போட்டது நெல் அல்ல, பல்செட்டு. திரும்பி வந்த மூட்டைகள் மழையில் நனைந்து முளைத்தன. மதிவாணன் திட்டியிருந்தாலாவது அவளுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இடப்பக்கமே மென்று மென்று, மாசிக்குள் இடத் தாடை புடைத்தது, வலது வற்றியது. கண்ணாடியில் வேறு யாரோ ஒருத்தி நின்றாள். மதிவாணனின் மிச்ச வயலும் அறுவடையானது. அவன் கூப்பிடவில்லை, இவளே போனாள். பல்செட்டைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, இடப்பக்கம் வைத்துக் கடித்தாள். டக். அதே நொடியில் வலப்பக்கம், ஒன்றுமில்லாத இடத்தில், ஏதோ நசுங்கியது.

"என்னக்கா?"

"இன்னும் ஒரு வெயில் காட்டு தம்பி."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு ஒரு பிடி நெல்லை எடுத்துக்கொண்டு நேராக மெஷினிடம் போனான். திரும்பி வந்து, "பதினெட்டுக்கா" என்றவன், நெல்லைப் பரப்பத் தொடங்கினான்.

பொன்னுத்தாய் வலக் கன்னத்தில் உள்ளங்கையை வைத்தாள். வற்றிய சதை, யாரும் கேட்காமலே, அடுத்த நெல்லைக் கடித்துக்கொண்டிருந்தது.