மூன்று டம்ளர் தண்ணீர்

நேற்றுக் காலை தல்லாகுளம் ஆபீசில் நாற்காலியை இழுத்துப் போடுவதற்குள் பியூன் கருப்பையா வந்து நின்றார். "நம்ம டைப்பிஸ்டம்மா போயிட்டாங்கண்ணே. தூக்கத்துலயே." தூக்கத்திலா! என்னால் உட்கார முடியவில்லை.

இதே ஆபீசில் வேலை பார்த்த உங்களுக்கு டைப்பிஸ்ட் பேச்சியம்மாள் சிடுமூஞ்சி. கட்டியவனைத் தண்ணீர் கொடுக்காமல் கொன்றவள் என்று அவர் காதுபடவே பேசினீர்கள். நானும் அங்கேதான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

அவர் கணவர் தவசிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரம் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சுத்தம் செய்யும் மெஷின். நாளுக்கு மூன்று டம்ளர் தண்ணீர். ரசமும் மாத்திரைக்குக் குடிப்பதும் அதற்குள்தான். சித்திரை வெயிலில் மூன்று டம்ளர்! தவசி கெஞ்சுவார், பிறகு அசிங்கமாக ஏசுவார். பேச்சியம்மாள் குடத்தை அடுப்படியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். "ஏசட்டும்ணே. ஏசுறதுக்கு உசுரு வேணும்ல?" என்பார்.

கொட்டாம்பட்டியிலிருந்து உறவுக்காரர்கள் வருவார்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வருவதாவது! இளநீர்க் குலையோடு வருவார்கள். வாசலிலேயே மறிப்பார். "இளநீல இருக்க உப்பு இவரு நெஞ்ச நிறுத்திரும்னு டாக்டரு சொல்லிட்டாரு. எடுத்துட்டுப் போங்க." மாமியார் தெருவில் மண்ணை வாரித் தூற்றினார். நானும் மனசுக்குள், டாக்டர்கள் எதைத்தான் கூடாதென்று சொல்லவில்லை என்று நினைத்தேன்.

ஒருநாள் அவரே கேட்டார். "பாவம்னு சொல்ல ஊர்ப்பட்ட பேரு வாராக. ஒரு மணி நேரம் கூட உக்கார ஆளில்லண்ணே. நீங்க இருந்தா பக்கத்து வீட்ல செத்த கண்ணசருவேன்." தவசி படுத்த பத்து மாதத்தில் அவர் கேட்ட ஒரே உதவி அது.

அவர் போனதும் தவசி என் கையைப் பிடித்துக்கொண்டார். உதடு வெடித்து இரத்தம் கட்டியிருந்தது. "மாப்ள, ஒரே ஒரு இளநீ. அவளுக்குத் தெரிய வேணாம்." தெருமுனையில் இரண்டு வெட்டி வாங்கி வந்தேன். குடித்துவிட்டு அழுதார். சண்டாளன், எனக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் விடியுமுன் தவசியின் இதயம் நின்றுவிட்டது. "தவிச்ச வாய்க்குத் தண்ணி குடுக்காத பாவி" என்று மாமியார் மருமகளின் முடியைப் பிடித்து இழுத்தார். பேச்சியம்மாள் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. நான் கொல்லையில் வீசியிருந்த இரண்டு இளநீர்க் கூடுகளைக் கருமாதிக்கு முன் அவரே அள்ளிப் போட்டார். ஆபீசுக்குத் திரும்பிய அன்று, டைப் அடித்தபடியே ஒருமுறை மட்டும் சொன்னார். "வாங்கிக் குடுத்தது நீங்க. தூங்குனது நான்."

நேற்று அவருடைய பாடைக்குப் பின்னாலும் அதே பேச்சு வந்தது. சுடுகாடு வரைக்கும் கேட்டுக்கொண்டு நடந்தேன். இன்றுதான் எழுதுகிறேன்: தண்ணீரைப் பூட்டி வைத்துப் பத்து மாதம் தவசியை உயிரோடு வைத்திருந்தவர் பேச்சியம்மாள். கொன்றது நான். அவர் தூங்கிய அந்த ஒரு மணி நேரம் மட்டும் என்னிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு நான் தூங்கியதில்லை.